உட்கார்ந்த இடத்தில் ஓடியவர்

ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் நாடி பிடிக்கச் சொல்லிக்கொடுப்பேன். ஓடுவது, குதிப்பது எல்லாம் அப்புறம்தான். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தச் சொல்வேன். பாதிப் பேருக்குச் சட்டென்று அகப்படாது. "எனக்கு நாடியே இல்ல டீச்சர்" என்று ஒருத்தியாவது கண் கலங்குவாள். அவள் கையைப் பிடித்து இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தால், அப்பாடா என்று சிரிப்பாள்.

கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருஷமாக நான் பி.டி. டீச்சர். நாடியை எண்ணி முடித்ததும் மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டு மறுபடி எண்ணச் சொல்வேன். எண்பது சொச்சமாக இருந்தது நூற்றைம்பதைத் தாண்டியிருக்கும். பிறகு வேப்பமர நிழலில் உட்காரவைத்து, அது இறங்குவதையும் எண்ணச் சொல்வேன். வளர்ந்த ஆளின் இருதயம் சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஓடும்போது அதைப்போல நாலு மடங்கு, ஐந்து மடங்கு தள்ள வேண்டியிருக்கும். வயிற்றுக்குப் போகிற ரத்தம் குறைந்து கால் தசைக்குப் போகும். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு நான் யாரையும் ஓடவிடாததற்கு அதுதான் காரணம். மூச்சும் அப்படித்தான். உட்கார்ந்திருக்கும்போது உள்ளே இழுக்க மட்டும்தான் தசை வேலை செய்கிறது. வெளியே விடுவதற்குப் பாடு கிடையாது. விரிந்த நெஞ்சு தானே சுருங்கிக்கொள்ளும். ஓடும்போதுதான் வெளியே தள்ளவும் பாடுபட வேண்டும். கழுத்துத் தசைகூட உதவிக்கு வரும்.

இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என் வீட்டில் ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது மூன்று வருஷம் எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் தபால்காரர். புதூர்ப் பக்கத்து மானாவாரிக் கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோவது அவர் வேலை. ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் சைக்கிள் மிதிப்பார். அங்கே மரமும் குறைவு, நிழலும் குறைவு. மழை பெய்துவிட்டால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பி மட்கார்டை அடைத்துவிடும், உருளாது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, கடிதப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மைல் நடந்த கதையை எங்கள் மகளுக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் விளையாட்டாக அவர் நாடியைப் பிடித்து எண்ணினேன். நாற்பத்தெட்டு. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று இன்னும் இரண்டு தடவை எண்ணினேன். அதே நாற்பத்தெட்டு. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னட்டி, கெணத்துக்குள்ள எட்டிப் பாத்த மாதிரி முழிக்க?" என்றார்.

"எல்லாருக்கும் எழுவது அடிக்கும். உங்களுக்கு நாப்பத்தெட்டுதான் அடிக்கி."

"அப்பம் நான் பாதி உசுரோடதான் சுத்துதேனா?"

அப்படியில்லை, மிதித்து மிதித்து உங்கள் இருதயம் பெரிய கை வாளி மாதிரி ஆகியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் அதிகமாக அள்ளுகிறது, அதனால் கொஞ்சம் தடவை அள்ளினால் போதும் என்று விளக்கினேன். அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் கையை நீட்டிவிடுவார். "எண்ணிப் பாருங்க. டீச்சரே அசந்துட்டா."

மகள் வேலைக்குப் போய், கல்யாணப் பேச்சு நடந்த சமயத்தில்தான் அவர் சைக்கிளை விட்டுவிட்டு மொபெட் வாங்கினார். முட்டு வலி என்றார். ஐம்பதைத் தாண்டியவர் முட்டு வலி என்று சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? வறட்டு இருமல் இருந்தது. அதற்குக் கரிசல் புழுதி என்று ஒரு காரணம் இருந்தது. சந்தைக்குப் போகும்போது பாதி வழியில் நின்று சுவரொட்டிகளைப் படிப்பார். கண்ணீர் அஞ்சலிகூட விடமாட்டார். கீழே உள்ள சொந்தக்காரர் பெயர்வரை படிப்பார். ரயில்வே மேம்பாலத்தின் படியில் ஏறும்போது சரியாகப் பாதியில் அவருக்குப் போன் வந்துவிடும். "நீ போய்க்கிட்டே இரு, பேசிட்டு வாரேன்" என்பார். நான் போய்க்கொண்டே இருந்தேன். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு ஒன்றும் இல்லை. டிவி பார்த்தார், பேசினார், பாடவும் செய்தார். நான் அவரைப் பார்த்ததெல்லாம் உட்கார்ந்திருக்கும்போதுதான்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, கழுகுமலைச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மகள் கூப்பிட்டாள். கல்யாணமாகிப் போய்விட்டால் மூன்று பேரும் சேர்ந்து எப்போது வருவது என்றாள்.

"நீங்க ஏறுங்க. நான் கீழ இருந்து செருப்பப் பாத்துக்கிடுதேன்" என்றார் அவர்.

"செருப்ப எவனும் தூக்கிட்டுப் போகமாட்டான். வாங்கப்பா" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

நானும் மகளும் முன்னால் ஏறினோம். பாறையில் வெட்டிய படிகள். வெயில் வருவதற்கு முந்திய நேரம். கொஞ்ச உயரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். முப்பது படிகூட ஏறியிருக்கமாட்டார். இடுப்பை வளைத்துக் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு நின்றார். தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. கழுத்தின் இரண்டு பக்கமும் தசை கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது. எண்ணூறு மீட்டர் ஓடி முடித்த பிள்ளைகளை அந்தக் கோலத்தில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். முப்பது படி ஏறிய மனிதரை அப்படிப் பார்த்ததில்லை.

இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தேன். நூற்று முப்பது. அப்போதுதான் நகங்களையும் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் தடித்து, நகம் கவிழ்த்துவைத்த கரண்டி மாதிரி வளைந்திருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ. அந்தக் கையால்தான் தினமும் என்னிடம் காப்பித் தம்ளரை வாங்குவார்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"ஏறுனா எல்லாருக்கும் வாங்கும்லா."

"எத்தன நாளா?"

மகள் மேலே இருந்து, "ஃபோட்டோ எடுக்கலாம் வாங்க" என்று கூப்பிட்டாள். அந்தப் படத்தில் நாங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

திருநெல்வேலியில் நுரையீரல் டாக்டரைப் பார்த்தோம். ஸ்கேன் எடுத்தார்கள். புகை பிடிப்பாரா, புறா வளர்த்தாரா, தீப்பெட்டிக் கம்பெனியில் இருந்தாரா, மருந்து கலக்கும் வேலை செய்தாரா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. "காரணம் தெரியலைன்னு நாங்க எழுதுற வகை இது" என்றார் அவர். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாகி இறுகிக்கொண்டு வருகிறது. ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டி, என் கணவர் முதுகின் அடிப்பக்கத்தில் வைத்துக் கேட்கச் சொன்னார். ஒவ்வொரு தடவை மூச்சை இழுக்கும்போதும் கடைசியில் காய்ந்த பருத்திமார்க் குச்சிகளை மிதிக்கிற மாதிரி சின்னச் சின்னதாக ஒரு முறிகிற சத்தம்.

அதன் பிறகு நடைச் சோதனை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு வைத்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் ஓட்டத்துக்கு வைக்கிற அதே கூம்பு. ஆறு நிமிஷம், முடிந்த அளவு நடக்க வேண்டும். விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டிவிட்டு நர்ஸ் நடக்கச் சொன்னதும் அவர் விறுவிறுவென்று கிளம்பினார்.

"மெதுவா, அண்ணாச்சி. ரேஸ் இல்ல இது" என்றாள் நர்ஸ்.

அவருக்கு அது பரீட்சைதான். நாலாவது சுற்றில் சுவரைப் பிடித்துக்கொண்டார். நிற்கலாம், நின்று நடக்கலாம் என்றாள் நர்ஸ். நின்று நடந்தார். ஆறு நிமிஷம் முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது உதடு கறுத்திருந்தது. பேச்சு வருவதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு நர்ஸைப் பார்த்து, "பாஸ் ஆயிட்டனா?" என்று கேட்டார்.

நடக்கத் தொடங்கும்போது தொண்ணூற்றாறு இருந்த ஆக்சிஜன் எண்பத்தொன்றுக்கு வந்திருந்தது.

உட்கார்ந்தால் நன்றாக இருக்கிறது, நடந்தால் ஏன் இறங்குகிறது என்று கேட்டேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். அந்த நேரத்தில் எதுவும் ஓடவில்லை. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "ரத்தத்த ஒரு பஸ்ஸுன்னு வச்சுக்கோங்க. நுரையீரல் பஸ் ஸ்டாப்பு. அங்க ஆக்சிஜன் ஏறணும். சும்மா இருக்கும்போது பஸ் மெதுவா வரும், முக்கால் செகண்டு நிக்கும். நடந்தா இருதயம் வேகமா ஓட்டும், கால் செகண்டுதான் நிக்கும். நல்ல நுரையீரலுக்கு அதுவே தாராளம். இவருக்குச் சுவர் தடிச்சுப் போச்சு. ஏறி முடிக்கிறதுக்குள்ள பஸ் கிளம்பிடுது."

"அப்பம் இருதயத்து மேல தப்பில்ல" என்றார் என் கணவர்.

"இல்ல. உங்க இருதயம் நல்ல இருதயம்."

"அதான் டீச்சரும் சொல்லுவா" என்று என்னைக் காட்டினார்.

முன்னாலேயே வந்திருந்தால் மாத்திரையால் கொஞ்ச காலம் தள்ளிப்போட்டிருக்கலாம், இப்போதும் பார்ப்போம் என்றார் டாக்டர். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. நடக்கிறதை விடக்கூடாது என்றும் சொன்னார். கால் தசை பழக்கத்தில் இருந்தால் அதே தூரத்துக்குக் குறைந்த ஆக்சிஜன் போதும். பயந்துபோய்ப் படுத்துவிட்டால் தசை கரைந்து, எழுந்து நிற்பதே பெரும்பாடாகிவிடும்.

அந்த ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதானே.

கல்யாணம் முடிந்தது. மகளை மணமேடைக்கு அழைத்து வரும்போது அவர் சட்டைப் பையில் கொரோனா சமயத்தில் வாங்கிய விரல் கருவி இருந்தது. அதன் பிறகு விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போன பிறகு மைதானத்துக்கு வரச்சொல்வேன். சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை நான் தோளில் மாட்டிக்கொள்வேன். குழாய் அவர் மூக்குக்குப் போகும். இரண்டு பேரும் அந்தக் குழாயின் நீளத்துக்குள் சேர்ந்து நடப்போம். உதட்டைக் குவித்து ஊதி விடச் சொல்வேன். கால் சுற்று, பிறகு பெஞ்சு. மறுபடி கால் சுற்று. ஒரு மாதத்தில் அரைச் சுற்றுக்கு வந்தோம். நான் ஜெயித்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

ஒரு நாள் பாதி தூரத்தில், "போதும்ட்டி" என்றார்.

"அந்த கோல் போஸ்ட் வரைக்கும் வாங்க. நேத்து வந்தீங்கல்லா."

"முடியல."

"முடியும். பத்து எட்டுதான். ஊதுங்க, ஊதிக்கிட்டே வாங்க."

வந்தார். கோல் போஸ்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்டியிட்டார். முகம் சாம்பல் பூத்திருந்தது. உதடு நாவல்பழ நிறம். சிலிண்டரைத் திருகிக் கூட்டி வைத்து, அவர் முதுகைத் தடவிக்கொண்டு நானும் மண்ணில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு.

"நீ... எனக்கு... டீச்சரா... இருக்காதட்டி."

கோபமாகச் சொல்லவில்லை. என் முழங்கையைத் தட்டிக்கொண்டே சொன்னார். அவர் என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. நான் அன்றைக்கு அழவும் இல்லை. அவரை ஆட்டோவில் ஏற்றுவதிலேயே மனம் இருந்தது. மறுநாள் பிரேயருக்கு விசில் ஊத வேண்டியபோது எனக்கு ஊத வரவில்லை.

மைதானத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டோம். வீட்டுக்குள் நடந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் இயந்திரம் வந்தது. கரண்டில் ஓடும்; நாள் முழுக்க ஒரு உறுமல். குழாய் எட்டும் இடம்தான் அவருடைய ஊர். அடுப்படி வாசல்வரை வரும், தெருக்கதவுக்கு ஒரு எட்டு குறைவாக நிற்கும். தெருவில் தபால் வண்டிச் சத்தம் கேட்டால் அந்த ஒரு எட்டில் வந்து நின்று எட்டிப் பார்ப்பார்.

அடுத்த வருஷம் உட்கார்ந்திருப்பதே அவருக்கு ஓட்டமாகிவிட்டது. நாற்காலியில் முன்னால் சாய்ந்து, கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, நிமிஷத்துக்கு முப்பத்தாறு மூச்சு. நாடி நூற்றுப் பதினெட்டு. அந்த இருதயம் ரத்தத்தை அள்ளி அள்ளி அனுப்பியது. காற்றுதான் அதில் ஏறவில்லை. நல்ல உடம்பு சும்மா இருக்கும்போது மூச்சு விடுவதற்கென்று செலவழிக்கும் பலம் மிகக் கொஞ்சம். அவருக்குத் தின்ற சோறெல்லாம் மூச்சுக்கே போயிற்று. நாலு வாய் சாப்பிட்டதும் களைத்துப் போவார். குளிப்பாட்டிவிட்டால் அரை மணி நேரம் பேசமாட்டார். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

ஒரு மத்தியானம் அவருக்குத் தயிர்ச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். விட்டு விட்டுக் கேட்டார். "ஏட்டி... நீ ஓடுன காலத்துல... கடைசிச் சுத்துல... எப்படி இருக்கும்?"

"நெஞ்சு எரியும். கால் நம்ம கால் மாதிரியே இருக்காது. இன்னும் கொஞ்சந்தானே, கோட்டத் தாண்டிட்டா கீழ விழுந்துரலாம்னு நெனச்சுக்கிட்டே ஓடுவேன்."

யோசித்துவிட்டு, "எனக்கு... விழுகதுக்கு... எடம் இல்லட்டி" என்றார்.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். படுத்தால் மூச்சு முட்டும். அதனால் ஆறு மாதமாக அவர் நாற்காலியிலேயே தூங்கினார். அவர் தலையை என் வயிற்றில் சாய்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் தலை என் மேல் முட்டி முட்டி விலகியது. அப்படி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. சோறு காய்ந்துபோயிற்று.

ஒரு சித்திரை மாதத்துக் காலையில், பதினொரு மணி இருக்கும், அவர் போனார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். மகள் வந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். பழக்கத்தில் விரல் அங்கேதான் போகும். மூச்சின் இடைவெளி நீண்டது. ஒன்று வந்தது. அடுத்தது வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. ஆனால் விரலுக்கடியில் நாடி இருந்தது. காற்று வராத நெஞ்சுக்குள் இருதயம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தள்ளிக்கொண்டிருந்தது, மெதுவாக, பிறகு இன்னும் மெதுவாக. நான் எண்ணவில்லை. மகள், "அம்மா, அப்பா மூச்சு..." என்றாள். "இரு" என்றேன். அது நின்ற பிறகுதான் கையை விட்டேன். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. மகள் எழுந்து போய் அதை நிறுத்தினாள். வீடு அப்படி அமைதியாகி வெகு நாளாகியிருந்தது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். புதூர்ப் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர். அவரை நான் பார்த்ததில்லை. போட்டோவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். காப்பி கொடுத்தேன்.

"அண்ணாச்சிய எனக்கு நல்லாத் தெரியும் டீச்சர். எங்க ஓடைப் பக்கம் ஒரு உடைமரம் நிக்கி. சைக்கிள அங்கன சாத்திட்டு ஒரு மணி நேரம் படுத்துக் கெடப்பாவ. மூச்சு எரைக்கது ஆட்டுக்கே கேக்கும்."

"எப்பம்? மொபெட்டு வாங்குததுக்கு முந்தியா?"

"அதுக்கு ரெண்டு வருசம் முந்தி இருக்கும். செல நாளு என்னால முடியாதுன்னு ரெண்டு மூணு கடுதாசிய என்கிட்ட குடுத்துவிடுவாவ. நான் ஆட்டப் பத்திக்கிட்டுப் போறப்ப குடுத்துருவேன். பென்சன் பணம் மட்டும் யாருகிட்டயும் குடுக்கமாட்டாவ, அவியதான் போவாவ. எங்க ஊருல எல்லாருக்கும் தெரியும். பொம்பளையாளுக அவியளக் கண்டா ரோட்டுக்கே எறங்கி வந்துருவாவ, அவிய மேட்டுல ஏறி வர வேண்டாம்னு."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "நாங்க சொன்னோம் டீச்சர். வீட்ல சொல்லுங்க, அவிய படிச்சவியல்லா, பாத்துக்கிடுவாவன்னு. சிரிச்சாவ. அவகிட்ட சொன்னா எண்ண ஆரம்பிச்சிருவா, எண்ணுனா பயந்துருவா, பொண்ணு கலியாணம் முடியட்டும்னாவ."

கிளம்பும்போது, "ஒரு நாளைக்கு வாங்க, அந்த எடத்தக் காட்டுதேன்" என்றார். வருகிறேன் என்றேன்.

இரண்டு வருஷமாகிறது. புதூர் பஸ் எங்கள் பள்ளிக்கூட வாசலைத் தாண்டித்தான் போகிறது. இதுவரை நான் போகவில்லை.